பதினோரு விநாடி

எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் இடி மின்னலைப் படம் எடுக்கிறவன் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கிற அடுத்த கேள்வி, "உங்களுக்கு இடிச் சத்தம் கேக்குமா?" என்பதுதான். கேட்காது. அந்த வேலையை என் மனைவி பார்த்துக்கொண்டாள்.

தொழிலில் நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். முன்னால் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்து ஃபிரேம் விற்கிறவர்கள் வேறு. நான் பின்னறை ஆள். சீட்டில் எழுதி வரும் பவரைப் பார்த்து, ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸை அறுத்து, ஓரம் தேய்த்துப் பொருத்த வேண்டும். நடுப்புள்ளி இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போடுகிறவருக்குத் தலைவலி வரும். இருபத்தாறு வருடத்தில் என் கையால் போன கண்ணாடி நான்கே முறைதான் திரும்பி வந்திருக்கிறது. அந்த நான்கும் யார் யாருடையது என்று இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடையில் இதைத் திறமை என்கிறார்கள். வீட்டில் வியாதி என்கிறார்கள்.

மின்னல் படம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மனிதர்களிடம் எனக்கு இல்லாத பொறுமை மேகத்திடம் உண்டு. எங்கள் வீடு மூன்றாவது மாடி. பால்கனிக்கு எதிரே ரயில் பாதை, அதைத் தாண்டித் தொழிற்சாலைக் கூரைகள், அதற்கு மேல் தடுப்பார் இல்லாத வானம். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, காற்றில் ஆடாமலிருக்க நடுவில் ஒரு செங்கல்லைப் பையில் போட்டுத் தொங்கவிடுவேன். ஃபோகஸைத் தூரத்தில் வைத்து வளையம் நகராமல் டேப் ஒட்டுவேன். பிறகு ஷட்டரைப் பதினைந்து விநாடி திறந்து வைப்பது, மூடுவது, மறுபடி திறப்பது. மின்னியதைப் பார்த்து பட்டனை அழுத்தினால் வெறும் மேகம்தான் விழும். மின்னுவதற்கு முன்பே திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். நூறு படத்தில் தொண்ணூற்றெட்டு குப்பை. மீதி இரண்டில் ஒன்று பாதி உள்ளே, பாதி வெளியே.

இடி எத்தனை விநாடி கழித்து வருகிறது என்று எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது என்று தெரிந்துவிடும். படத்தை மட்டும் பார்த்துத் தூரம் சொல்ல முடியாது. அருகில் விழுந்த சின்ன மின்னலும் தூரத்தில் விழுந்த பெரிய மின்னலும் படத்தில் ஒரே உயரத்தில் நிற்கும். அதனால் தூரம் எழுதாத மின்னல் படம் எனக்குப் பவர் எழுதாத கண்ணாடி மாதிரி. மழைச்சாரல் பட்டால் காது மெஷின் போய்விடும் என்பதால் பால்கனிக்குப் போகும்போது அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவேன். ஆக, என் கண் முன்னால் நடப்பது ஊமைப்படம். மனைவி சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். மின்னியதும் எண்ணத் தொடங்கி, இடித்ததும் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் எண்ணையும் நோட்டில் எழுதுவாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எண்ணுவாள். போனில் அம்மாவிடம் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டே எண்ணுவாள். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை அவளுடையது. நாள் முழுக்க இரண்டு வேலையை ஒன்றாகச் செய்து பழகியவள்.

அவள் பிறந்த வீட்டில் எனக்கு 'இடிமாப்பிள்ளை' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் அவளுடைய தம்பி. பார்த்தவுடன் தோளில் கையைப் போட்டு, "என்ன அத்தான், வானம் எப்ப கொடுக்குது அப்பாயின்ட்மென்ட்?" என்று கேட்கிற ரகம். மெஷினே வேண்டாம், அவன் பேசினால் எனக்குக் கேட்கும். அவ்வளவு சத்தம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மெத்தை தயாரிக்கும் கம்பெனியில், கழுவிய ஃபோம் பாளங்களைக் கொதிக்கும் காற்றில் உலர்த்துகிற ஷெட்டுக்கு அவன் சூப்பர்வைசர். பதினொரு வருட சர்வீஸ். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் அந்த ஷெட்டின் கூரை தெரியும். வரைபடத்தில் அளந்து வைத்திருக்கிறேன், ஒன்றே கால் கிலோமீட்டர்.

அன்றைக்கு மழை மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. வானத்தில் ஒரு பக்கம் என்றில்லை, சுற்றிச் சுற்றி மின்னிக்கொண்டிருந்தது. எனக்குக் கொண்டாட்டம். ஆறு முப்பத்தெட்டுக்கு நான் திறந்து வைத்திருந்த படத்துக்குள், நட்டநடுவில், கிளை பிரிந்து ஒரு மின்னல் நேராக இறங்கியது. கேமரா திரையில் பார்த்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் மின்னல் எடுக்கிற ஆறு வருடத்தில் அப்படி ஒன்று கிடைத்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மனைவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே வரச் சொல்கிறாள் என்று தெரிந்தது. மின்னல் நெருங்கிவிட்டால் உள்ளே வந்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். நோட்டை வாங்கிப் பார்த்தேன். 6.38, அதற்கு எதிரே 11.

"பதினொன்னுக்கெல்லாம் எதுக்கு இழுக்குற? மூணரை கிலோமீட்டருக்கு அப்பால இருக்கு," என்று கத்திவிட்டு மறுபடி கேமராவிடம் போனேன். அவள் ஏதோ சொன்னாள். என்னவென்று கேட்கவில்லை, டப்பாவுக்குள் இருந்தது மெஷின்.

பத்து நிமிடத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புகை எழுந்தது. முதலில் மழைமேகம் என்று நினைத்தேன். பிறகு சிவப்பாக மாறியது. உலர்த்தும் ஷெட் எரிந்துகொண்டிருந்தது.

ஆட்கள் எல்லாரும் கேன்டீனில் இருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. ஷெட் மட்டும் தரைமட்டம். ஃபோம் பற்றினால் யார் அணைப்பது? மறுநாளே மச்சினனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி சொன்ன காரணம் இது. ஆறு இருபதுக்குக் கரண்ட் போனது. கரண்ட் போனால் சூப்பர்வைசர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் திரும்பியதும் ஆளில்லாத ஷெட்டில் ஹீட்டர் தானாக ஓடத் தொடங்கும். கரண்ட் திரும்பியது ஆறு முப்பத்தைந்துக்கு. தீ தெரிந்தது ஆறு ஐம்பதுக்கு. ஆகவே நீ அணைக்கவில்லை.

"அணைச்சேன் அத்தான். இந்தக் கையால அணைச்சேன்," என்றான் அவன். வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினான். அணைத்ததைப் பார்த்த சாட்சி யாரும் இல்லை. சுவிட்ச் பெட்டி உருகிக் குழம்பாகக் கிடந்தது. வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். தன் அஜாக்கிரதையால் ஒரு ஷெட்டை எரித்தவன் என்ற பெயரோடு அவன் இனி எந்தத் தொழிற்சாலை வாசலில் போய் நிற்க முடியும்?

மூன்றாம் நாள்தான் மனைவி அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்த்தவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மின்னலின் அடிநுனி, அளந்து வைத்தது போல, உலர்த்தும் ஷெட்டின் கூரையில் முடிந்திருந்தது.

நான் கடையிலிருந்து வருவதற்குள் படம் தம்பிக்குப் போய், தம்பியிடமிருந்து மாமியாருக்குப் போய், அங்கிருந்து உலகத்துக்கே போயிருந்தது. மச்சினன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து ஒரு அடி தூக்கினான்.

"அத்தான், நீங்க மனுஷனே இல்ல! மின்னல் விழுந்துதான் எரிஞ்சிருக்கு. நான் அணைச்சேன்னு சொன்னேன்ல? சொன்னேன்ல?"

என் வாழ்நாளில் என் படத்தை யாரும் அப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அவன் போன பிறகு, படத்துக்குக் கீழே வழக்கம்போலத் தூரம் எழுதலாம் என்று நோட்டை எடுத்தேன்.

பதினொன்று. மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் கிலோமீட்டர் வரும். ஷெட் இருப்பதோ ஒன்றே கால் கிலோமீட்டரில். அங்கே விழுந்திருந்தால் இடி நான்கு விநாடியில் வந்திருக்க வேண்டும். ஆக அந்த மின்னல் ஷெட்டின் மேல் விழவில்லை, ஷெட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர் பின்னால் எங்கோ விழுந்திருக்கிறது. நேர்கோட்டில் இருந்ததால் படத்தில் கூரையில் இறங்குவது போலத் தெரிகிறது.

நான் எப்படிப்பட்டவன் என்று இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கேமரா குழுவில் ஒருவர் வேறு நாள் எடுத்த நிலாவைக் கோபுரத்தின் மேல் ஒட்டிப் பரிசு வாங்கினார். நிழல் விழும் பக்கத்தைக் காட்டி அதைப் பிடித்துக் கொடுத்து, அவரைக் குழுவை விட்டே அனுப்பியவன் நான். "ஒரு நிலாவுக்கு இவ்வளவா?" என்று கேட்டார்கள். ஒரு நிலாவுக்கும் இவ்வளவுதான் என்றேன். அப்படிப்பட்டவன் மச்சினனுக்காக மட்டும் வாயை மூடிக்கொள்வதா?

மனைவியிடம் நோட்டைக் காட்டினேன்.

"இது யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"அந்த நோட்டை உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா? படத்தைக் கேக்குறாங்க, படத்தைக் கொடுங்க."

"படம் பொய் சொல்லுது. நான் சொல்ல மாட்டேன்."

"அவன் என் தம்பி. பதினொரு வருஷம் அங்க உழைச்சவன். நீங்க சொல்ற ஒரு நம்பரால அவன் தலையெழுத்து மாறிடும். கொஞ்சம் நான் சொல்றதையும் கேளுங்க, அன்னைக்கு அந்த இடி..."

"இனிமே நீ என்ன சொன்னாலும் தம்பிக்காகச் சொல்றதாத்தான் ஆகும்," என்றேன். சொல்லிவிட்டு, சண்டை முற்றினால் நான் எப்போதும் செய்கிற ஒரு கேவலமான காரியத்தைச் செய்தேன். காதிலிருந்து மெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கினாள். அடுப்புப் பக்கம் காட்டினாள், பாத்திர அலமாரியைக் காட்டினாள், தன் காதைத் தொட்டுக் காட்டினாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் வாய் நின்றது.

விசாரணையை நடத்தியவர் கம்பெனி வெளியிலிருந்து அமர்த்திய ஒரு எஞ்சினியர். நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சுவரில் ஷெட்டின் வரைபடம். மச்சினன் ஒரு ஓரத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே நுழைந்ததும் அவன் முகம் மலர்ந்தது. எஞ்சினியர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது கூரை மேலதான் விழுந்திருக்கு, இல்லையா?"

"இல்லைங்க," என்றேன். நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்துக் கணக்கை விளக்கினேன். அவர் கால்குலேட்டரை எடுத்துத் தானும் ஒரு முறை போட்டுப் பார்த்தார்.

"இந்த எண் சரியா இருக்கும்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"நூத்துக்கு நூறு."

"உங்களை மாதிரி ஆளுங்க குறைவு," என்று எழுந்து கை கொடுத்தார். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. மச்சினன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. கோபப்படுவான், கத்துவான் என்று தயாராக வந்திருந்தேன். அவனோ தன் வலது கையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் வேலை போயிற்று. அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மாமியார் போன் செய்தால் மகளிடம் மட்டும் பேசிவிட்டு வைத்தார். மனைவி என்னோடு சண்டை போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சாப்பிட வாங்க, பால் தீர்ந்துடுச்சு, கேஸ் வந்துடுச்சு என்று தேவைக்கு மட்டும் பேசினாள். நோட்டை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இனிமே நீங்களே எண்ணிக்கோங்க," என்றாள். நல்லதைச் செய்தவனுக்கு இதுதான் கூலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு மாதம் அப்படிச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

அடுத்த மழைக்காலம் வந்தது. காது கேட்காதவன் எப்படி எண்ணுவது? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். போனை ஜன்னலுக்கு உள்ளே வைத்து மொத்த மழையையும் வீடியோ எடுத்துவிடுவது. பிறகு அதைக் கம்ப்யூட்டரில் திறந்தால், மேலே படம் ஓடும், கீழே சத்தம் கோடாக ஓடும். மின்னிய இடத்திலிருந்து கோடு எழும்புகிற இடம் வரை அளந்தால் விநாடி கிடைத்துவிடும். காதே வேண்டாம், கண் போதும். இதை முன்பே செய்திருந்தால் அவள் தயவு தேவைப்பட்டிருக்காது என்றுகூட நினைத்தேன்.

முதல் மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தது. அன்றும் சுற்றிச் சுற்றி மின்னல். மழை விட்டதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். முதல் மின்னலைப் பிடித்தேன். ஆனால் அதன் இடி வருவதற்குள் இன்னொரு மின்னல். அது என் பால்கனிப் பக்கம்கூட இல்லை, வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்த வெளிச்சம் சுவரில் அடித்திருக்கிறது. மூன்றாவதாக ஒன்று. பிறகு ஒரு இடி. அது இந்த மூன்றில் எதனுடையது? முதலாவதிலிருந்து அளந்தால் பதினான்கு, இரண்டாவதிலிருந்து ஒன்பது, மூன்றாவதிலிருந்து மூன்று. திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரே இடிக்கு மூன்று தூரம் வந்தது.

அப்போது கோடுகளின் உருவத்தைக் கவனித்தேன். எல்லா இடியும் ஒன்று போல இல்லை. சில, மெல்ல எழுந்து, அகன்று, வெகுநேரம் உருண்டு அடங்கின. சில ஊசி போல ஒரே தாவலில் உச்சிக்குப் போயின. மூன்று விநாடி என்று சந்தேகமில்லாமல் தெரிந்த இடிகள் எல்லாம் ஊசிகள். தூரத்து இடிகள் எல்லாம் உருளல்கள். காது கேட்கிற எல்லாருக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம் இது. எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் கம்ப்யூட்டர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

எழுந்து சமையலறைக்குப் போனேன். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தது என்பதை ஆறு வருடத்தில் முதல்முறையாக யோசித்துப் பார்த்தேன்.

"அன்னைக்கு, அந்தப் பதினொன்னு எழுதினியே. எதுலேர்ந்து எண்ண ஆரம்பிச்ச?"

அவள் குழாயை மூடினாள். என் காதில் மெஷின் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இந்த ஜன்னல்ல மின்னினதுலேர்ந்து. ஏழு எண்ணும்போது உங்க பக்கத்துலேர்ந்து வீடெல்லாம் வெளிச்சமாச்சு. பதினொன்னுல இடிச்சுது. பாதியில விட்டா திட்டுவீங்களேன்னு பதினொன்னே எழுதினேன்."

"அந்த இடி எப்படி இருந்துச்சு? நீளமா உருண்டுச்சா?"

"உருளவா? அலமாரியில இருந்த பாத்திரமெல்லாம் ஆடுச்சு. ஒரு தட்டு கீழ விழுந்துச்சு. பக்கத்துலதான் எங்கேயோ விழுந்திருக்குன்னு பயந்துதான் ஓடி வந்து உங்களை இழுத்தேன். நீங்க நோட்டைப் பாத்துட்டு என்னைத் திட்டினீங்க."

பதினொன்றில் ஏழு போனால் நான்கு. நான்கு விநாடி என்றால் ஒன்றே கால் கிலோமீட்டர், சொல்லிவைத்தது போல.

"இதை ஏன் நீ சொல்லலை?"

"சொன்னேன். இதே இடத்துல நின்னு அரை மணி நேரம் சொன்னேன். நீங்க மெஷினைக் கழட்டி வெச்சுட்டுப் பேப்பர் படிச்சீங்க."

அங்கேயே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தூக்கிவிடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே தானும் உட்கார்ந்தாள்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த எஞ்சினியரைத் தேடிப் போனேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப மின்னல்தான் விழுந்துச்சுன்னு சொல்றீங்களா?" என்றார்.

"விழுந்திருக்கலாம்னு சொல்றேன். அதுக்கு ஏழு விநாடி முன்னாடி பின்பக்கம் மின்னினதோட இடியாவும் இருக்கலாம். அந்த எண்ணை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுன்னு சொல்றேன்."

"அன்னைக்கு நூத்துக்கு நூறுன்னீங்க."

"ஆமா."

அவர் பெருமூச்சு விட்டு ஒரு ஃபைலை எடுத்தார். "நீங்க சொல்றதை எழுத்துல வாங்கி இதோட சேர்த்துடுறேன். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. நாங்க உங்க நோட்டை மட்டும் வெச்சு முடிவு பண்ணலை. விசாரணைக்கு மறுநாள் உங்க மச்சினனே வந்து எழுதிக் கொடுத்துட்டார்." ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். மச்சினன் கையெழுத்து. மூன்றே வரி. மெயின் சுவிட்சை அணைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், யோசித்துப் பார்த்ததில் அணைக்க மறந்துவிட்டேன் என்று தெரிகிறது, மன்னிக்கவும்.

இது எங்கள் யாருக்கும் தெரியாது. மனைவிக்கும் தெரியாது.

மச்சினன் இப்போது தண்ணீர் ஃபில்டர் பழுது பார்க்கிற ஒரு சின்னக் கடையில் வேலை செய்கிறான். போனபோது கடையின் பின்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அழுக்கேறிய ஃபில்டர் குழாய்களை பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். "வாங்க," என்றான். அந்த ஒரு சொல்லும் மெதுவாக வந்தது, மெஷினைச் சரிசெய்துகொண்டுதான் அடுத்ததைக் கேட்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஏழையும் நான்கையும், பாத்திரம் ஆடியதையும், நான் பேப்பர் படித்ததையும். அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அக்கா அப்பவே போன்ல சொன்னா. நான்தான் நம்பலை. என் மேல இருக்குற பாசத்துல சொல்றான்னு நினைச்சேன்."

"அந்தக் கடுதாசி எதுக்கு எழுதிக் கொடுத்த மாப்ள? அணைச்சேன்னு கையை நீட்டிக் காட்டினியே?"

"காட்டினேன். அப்புறம் நீங்க வந்து நோட்டை விரிச்சீங்க." பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி எடுத்தான். "நீங்க யாரு, ஒரு நிலாவுக்கே விடாதவரு. உங்க கணக்கு தப்பாதுன்னா தப்பு என்கிட்டதானே இருக்கணும்? அன்னைக்கு வீட்டுக்குப் போய் உக்காந்து யோசிச்சேன். சுவிட்சை அணைச்ச ஞாபகம் இருக்கு. அது அன்னைக்கு அணைச்சதா, அதுக்கு முந்தின நாள் அணைச்சதா? பதினொரு வருஷமா தினம் அணைக்கிறேன், எந்த நாளோட ஞாபகம்னு எப்படிச் சொல்றது? யோசிக்க யோசிக்க, அணைக்காம வெளிய போன மாதிரியே ஒரு ஞாபகம் வந்துடுச்சு அத்தான். இப்பவும் இருக்கு. தெளிவா இருக்கு. உள்ள அந்த நேரம் யாராவது படுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தினமும் வருது."

இவனிடமிருந்து வேலையை மட்டும்தான் பறித்ததாக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். முதல்முறையாக நேராகப் பார்த்தான்.

"இப்ப சொல்லுங்க. நான் அணைச்சேனா, அணைக்கலையா?"

அணைத்தாய் என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. சொன்னால் நம்புவான். நான் சொல்வதை அவன் எப்போதும் நம்புவான், அதுதானே எல்லாவற்றுக்கும் காரணம்.

"தெரியலை மாப்ள," என்றேன். "எனக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கடை ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, திருப்பி, பேனாவோடு நீட்டினான்.

"எழுதிக் கொடுங்க."

"கம்பெனிக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டுத்தான் வரேன்."

"கம்பெனிக்கு இல்ல. எனக்கு. அணைச்சேன்னு எழுத வேணாம். உங்களுக்குத் தெரியாதுன்னு எழுதுங்க. அது போதும்."

ஸ்டூலில் உட்கார்ந்து, தாளைத் தொடைமேல் வைத்து எழுதினேன். ஷெட் எதனால் எரிந்தது என்று எனக்குத் தெரியாது, நீ அணைத்தாயா இல்லையா என்றும் எனக்குத் தெரியாது, என் எண்ணை நம்ப வேண்டாம். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். அவன் அதை இரண்டு தரம் படித்தான். மூன்றாவது தரம் படிக்க முடியாமல், ஈரத்தரையில் அப்படியே குந்தி உட்கார்ந்து, தாள் நனையாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதான். எட்டு மாதத்தில் அவன் அழுது பார்த்ததே இல்லை என்று அவன் மனைவி பிறகு சொன்னாள்.